காலையில் அண்ணி, மாலையில் நான், நடுவில் ஒரு நோட்டு

அந்த நோட்டு நீளவாக்கில் தைத்தது. கம்பெனிகளில் ஷிப்ட் மாறும்போது எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. இருநூறு பக்கம், பச்சை அட்டை, அட்டையின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, "பொறுப்பு ஒப்படைப்பு" என்று அண்ணியின் கையெழுத்து. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பத்தி: தேதி, ஷிப்ட், நிலவரம், கையொப்பம். நேற்று பரணிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டினேன். முதல் பக்கத்தைத் திறந்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. "காலை ஷிப்ட். பிணம் 1. காயம் 2. காயம் பட்டவர்களுக்குப் பன்னிரண்டு நாள் படுக்கை. இனி யாரும் கூரை மேல் ஏறக் கூடாது." வேறு யார் கையிலாவது இது கிடைத்திருந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருப்பார்கள்.

இத்தனையும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆறு சிப்பாய்கள் நம் பக்கம், வேற்றுக்கிரகத்து எதிரிகள் அந்தப் பக்கம். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். முதலில் நம் முறை. ஒவ்வொரு சிப்பாயையும் நகர்த்தி, சுவர் மறைவில் உட்கார வைத்து, சுடச் சொல்லலாம். முடித்ததும் எதிரியின் முறை. நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி அப்படியே நிற்பான், அவசரமே கிடையாது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணி விளையாடியது கடையில் விற்ற விளையாட்டை அல்ல, அதன் மேல் போட்ட ஒரு மோடை. மோட் என்றால், அந்த விளையாட்டை ஆடி ஆடி அலுத்துப்போன ரசிகர்கள், இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று தாங்களே உட்கார்ந்து பிரித்து மேய்ந்து, அடிமுதல் நுனிவரை மாற்றிக் கட்டியது. எதிரிகள் இரண்டு மடங்கு. சிப்பாய்க்குக் காயம் பட்டால் வாரக்கணக்கில் படுக்கை. ஓய்வு கொடுக்காமல் அனுப்பினால் களைத்துப்போய்க் கை நடுங்கும். ஒரே தந்திரத்தை இரண்டு தடவை செய்தால் மூன்றாம் தடவை அதற்கென்றே எதிரி ஆள் வைத்திருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, செய்ததைத் திருத்த வழியில்லை. ஆட்டத்தைப் பதிந்து வைக்க ஒரே ஒரு சேவ்தான். செத்தவன் செத்தவன்தான். இந்த மோடை ஜெயித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர் என்று அண்ணி பெருமையோடு சொல்வார், எங்கள் குலதெய்வம் ரொம்ப உக்கிரமானது என்று சிலர் சொல்லிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

அண்ணி வீராம்பட்டினத்துப் பெண். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அண்ணி பாலிடெக்னிக் முடித்துவிட்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லைன் இன்சார்ஜாக இருந்தார். என் அண்ணன் அந்தக் கம்பெனி கேன்டீனில் சமையல். இருவரும் விரும்பி, அம்மா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. கல்யாணமான ஐந்தாவது மாதம் அண்ணனுக்கு பாரீஸ் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது, அவன் போய்விட்டான். விசா வரும்வரை அண்ணி எங்களோடு மூலக்குளத்து வீட்டில். அம்மா, நான், அண்ணி என்று மூன்று பெண்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, ஆனாலும் வீட்டில் பெயர் பாப்பாதான். அண்ணன் கிளம்பினால் மாடி அறையும் அவனுடைய கம்ப்யூட்டரும் எனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தேன். அங்கே போய் அண்ணி பெட்டியை வைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாத்தனார் என்றால் ஒரு லட்சணம் வேண்டாமா?

நானும் சேதராப்பட்டில்தான் வேலை பார்த்தேன், வேறொரு கம்பெனியில். தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சோதித்து அனுப்பும் பிரிவு. எனக்கு முதல் ஷிப்ட், காலை ஆறுக்கு வாசலில் இருக்க வேண்டும். அண்ணிக்கு நிலையாக இரண்டாம் ஷிப்ட். நான் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது அவர் போயிருப்பார், அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் முகம் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்றும் அவர் காலையில் பிரெஞ்சு வகுப்பு, மாலையில் அம்மா வீடு என்று ஓடுவார். பேசிக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்திலும் என்னை "நீங்க, வாங்க" என்பார். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் மாலை மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல் இருந்தது. மவுஸை அசைத்ததும் திரையில் ஆறு சிப்பாய்கள் ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தனைப் பிடித்து எதிரிலிருந்த கட்டடத்தின் கூரை மேல் ஏற்றினேன். உயரத்திலிருந்து சுட்டால் நல்லதுதானே? எதிரியின் முறை வந்தது. நாலு பக்கமும் சுட்டார்கள். கூரையில் இருந்தவன் விழுந்தான். அவனைத் தூக்கப் போன இருவருக்கும் காயம். திரும்ப எடுக்கலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், அந்த மாதிரிப் பொத்தானே இல்லை. சத்தம் போடாமல் கீழே வந்து, சாப்பிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மறுநாள் திரும்பி வரும்போது வீட்டில் ஒரு பிரளயம் காத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா வழக்கம்போல் சோறு போட்டாள். மாடிக்குப் போனால் கீபோர்டின் மேல் இந்தப் பச்சை நோட்டு. முதல் வரிசையில் மேலே சொன்ன அறிக்கை. என் பெயரும் இல்லை, திட்டும் இல்லை. இரண்டாவது வரிசையில் "மாலை ஷிப்ட்" என்று எழுதி, நிலவரம் பத்தியில், "ஆள் தேவை. அனுபவம் அவசியமில்லை" என்று இருந்தது. கையொப்பத்துக்கான இடம் காலியாக இருந்தது. நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அன்று எழுந்திருக்கும்போது வெளியே இருட்டியிருந்தது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையே வேறு. மூடிகளைச் சோதித்துக்கொண்டே, காலையில் அண்ணி என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வேன் மூலக்குளம் நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்பே எழுந்து படியருகே நின்றுகொள்வேன். வந்ததும் சாப்பாடுகூட இல்லை, நேரே நோட்டு. சிப்பாய்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஆட்களின் பெயரை வைக்காமல் பதவியை வைத்தோம்: ஸ்டோர்கீப்பர், செக்யூரிட்டி, கேன்டீன், எலெக்ட்ரீசியன். என் பிரிவில் என்னை நாள்தோறும் வறுத்தெடுத்த சூப்பர்வைசரின் ஞாபகமாக ஒருத்தனுக்கு அந்தப் பெயரை நான் வைத்தேன், எங்கே ஆபத்து என்றாலும் முதலில் அவனைத்தான் அனுப்பினேன். அவன் என்னவோ சாகவே இல்லை. வெகுதூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடும் பெண் சிப்பாய்க்கு அண்ணி வைத்த பெயர் அம்மா. அடுப்படியை விட்டு நகராமலே வீட்டின் எந்த மூலையில் எது நடந்தாலும் சரியாக அடிப்பது அவள்தானே என்றார். அந்த வரியைப் படித்துவிட்டுத் தனியாக மாடியில் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து அம்மா, "இன்னாடி அங்க?" என்று கேட்டாள். சரியாக அடித்தாள்!

எங்கள் இரண்டு பேர் ஆட்டமும் எதிரும் புதிரும். நான் சோதனைப் பிரிவுக்காரி. ஒரு கட்டம் நகர்த்துவதற்குப் பத்துத் தடவை சரிபார்ப்பேன். கையில் எடுத்த வேலையை முடிக்காமல் திரும்ப மாட்டேன், இதனால் ஆளைப் பறிகொடுப்பேன். அண்ணி சட்சட்டென்று முடிவெடுப்பார், நிலைமை சரியில்லை என்றால் பாதியிலேயே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. நோட்டிலேயே கேட்டேன். மறுநாள் பதில் இருந்தது: "எங்க அப்பா, வலை பாறையில் மாட்டிக்கிட்டா அறுத்துவிட்டுட்டு வந்துடுவார். வலைக்காகப் போட்டைக் கவுக்க மாட்டார். அதனாலதான் எனக்கு அப்பா இருக்கார்." அதைப் படித்த பிறகு நானும் அறுத்துவிட்டு வரக் கற்றுக்கொண்டேன். உயிரோடு திரும்புகிறவர்களின் எண்ணிக்கை கூடியது.

ஆடியில் வீராம்பட்டினத் தேருக்கு அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் முழுதாக ஒரு நாள் சேர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை. அம்மன் தேர் அசைந்து வருகிறது, மேளம் காதைப் பிளக்கிறது, ஊரே வடத்தைப் பிடிக்க முண்டுகிறது. நாங்கள் இருவரும் கையில் ஐஸை வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டும்படி நின்று, போர் வியூகம் பேசிக்கொண்டிருந்தோம். "ஸ்டோர்கீப்பர இடது பக்கமா அனுப்பினா செத்துடுவாரு அண்ணி" என்று மேளத்துக்கு மேல் கத்தினேன். "சாவட்டும், பாப்பா! அவரு செத்தாத்தான் செக்யூரிட்டி உள்ள போவ முடியும்!" என்று அண்ணி திரும்பக் கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. எனக்கோ வேறு எதுவும் காதில் விழவில்லை. அண்ணி என்னைப் பாப்பா என்று கூப்பிட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அன்று முழுக்கத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

தேர் முடிந்து சில வாரங்களில் அண்ணிக்கு விசா வந்துவிட்டது. பயணத் தேதியும் குறித்தாகிவிட்டது, இரண்டு மாதம்தான். போனில் அண்ணன் துள்ளிக் குதித்தான். அம்மா பொடி வகைகளை அரைக்கக் கிளம்பிவிட்டாள். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கவலப்படாத. இத முடிக்காம நான் ஃபிளைட் ஏற மாட்டேன், பாப்பா." அவர் எனக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் எனக்குள் அது வேறு மாதிரிப் போய் உட்கார்ந்துகொண்டது. முடித்தால்தானே ஏறுவார்?

எதிரிகள் ரகசியமாக ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பத்துப் பாகம். பாகம் தயாராகிற இடம் அவ்வப்போது வரைபடத்தில் தெரியும். போய் உடைத்தால் அந்தப் பாகம் நின்றுபோகும், எதிரியின் தலைமையகத்துக்கு வழியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். போகாமல் விட்டால் பாகம் முடிந்துவிடும். பத்தும் முடிந்தால் உலகம் காலி, எங்கள் ஆட்டமும் காலி. சாதாரண விளையாட்டில் எத்தனை பாகம் முடிந்தது என்று திரையிலேயே தெரியும். மோடில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். எட்டு முடிந்தால் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நான் என்ன செய்தேன் என்றால், அப்படி ஓர் இடம் என் ஷிப்டில் தெரிந்தபோது போகாமல் விட்டுவிட்டேன். சிப்பாய்களுக்கு ஓய்வு கொடுப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழி திறக்கவில்லை, ஆட்டம் நீண்டது. நோட்டில் நிலவரம் என்ற இடத்தில், "நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். ஷிப்ட் முடிகிற அவசரத்தில் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். மெஷின் இரண்டு தடவை நின்றிருக்கும், எண்ணெய் கசிந்திருக்கும், ஆனால் நோட்டில் எல்லாரும் எழுதுவது நார்மல். அடுத்த ஷிப்டுக்காரர் வந்து தலையில் அடித்துக்கொள்வார், எட்டு மணி நேரம் கழித்து அவரும் நார்மல் என்று எழுதிவிட்டுப் போவார். கை தானாக எழுதும். நான் அந்த மாதிரி மூன்று தடவை எழுதினேன். மூன்று பாகம் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்தேன். வேண்டுமென்றே நான் அண்ணிக்குப் பொய் சொன்னது அந்த மூன்று தடவைதான்.

பயணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஒரு மாலை கம்ப்யூட்டரைத் திறந்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டா? எப்படி எட்டு? ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் இருவரும் கோட்டைவிட்டது ஒன்று. நான் விட்டது மூன்று. நாலுதானே இருக்க வேண்டும்? மோடில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. கெட்டுப்போன மூடி ஒன்று வந்தால் அதன் பேட்ச் நம்பரைப் பிடித்துக்கொண்டு எந்த நாள், எந்த ஷிப்ட் என்று பின்னால் தேடிக்கொண்டே போவோம். விளையாட்டில் நடந்ததெல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கும் ஒரு பக்கம் உண்டு. நோட்டில் ஒவ்வொரு ஷிப்டும் விளையாட்டின் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதியிருந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். கைவிடப்பட்ட இடங்கள் மொத்தம் எட்டு. ஒன்று பழையது. மூன்று மாலை ஷிப்ட். மீதி நாலும் காலை ஷிப்ட். அந்த நாலு நாளும் அண்ணியின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: நார்மல், நார்மல், நார்மல், நார்மல்.

அண்ணி தவறவிடுகிற ஆள் இல்லை. சண்டை பிடிக்காமல் திரும்புவார், ஆனால் பார்க்காமல் இருக்க மாட்டார். அந்த நாலு இடங்களும் விசா வந்த பிறகு கைவிடப்பட்டவை. கீழே அம்மாவின் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பேனாவை எடுத்து, கம்பெனியில் மெமோ வந்தால் விளக்கம் எழுதிக் கொடுப்போமே, அந்த மாதிரி எழுதினேன். "மாலை ஷிப்டில் மூன்று இடங்களை வேண்டுமென்றே கைவிட்டது நான்தான். காரணம்: ஆட்டம் முடிந்தால் நீங்கள் போய்விடுவீர்கள். மன்னிக்கவும்." கையெழுத்துப் போட்டேன். அவருடைய நாலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன், எதுவும் உறைக்கவில்லை. வேனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்போடு மாடி ஏறினேன். என் வரிக்குக் கீழே, கோணல் இல்லாமல், ஸ்கேல் பிடித்த கோட்டின் மேல் எழுதியிருந்தது: "காலை ஷிப்டில் நாலு. காரணம்: மேற்படி." நான் அந்த நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான். இந்த வீட்டுக்கு வந்த ஒருத்தி, தன் புருஷனிடம் போய்ச் சேருவதற்காக ஒன்றரை வருடமாகக் காத்திருந்தவள், எனக்காகவும் நாலு தடவை நார்மல் என்று எழுதியிருக்கிறாள்!

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. "ஆனா தோத்துட்டுப் போக மாட்டேன். செவ்வாய்க்கிழமை லீவு போடு." அதுவரை சேர்ந்து உட்கார்ந்து விளையாடியதே இல்லை. இரண்டு இன்சார்ஜ் ஒரு லைனில் நின்றால் சண்டைதான் வரும் என்று அண்ணி சொல்லியிருந்தார். செவ்வாய்க்கு முன்னால் இருந்த நாலைந்து நாளில் வெறிபிடித்த மாதிரி ஆடினோம். காலையில் அவர் ஓர் இடத்தை உடைத்தார், மாலையில் நான் ஓர் இடத்தை உடைத்தேன். இடையில் ஒன்பதாவது பாகம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை தலைமையகத்துக்கு வழி திறந்தது. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினோம், ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு நாற்காலி, ஒரு மவுஸ். எங்களுக்கு மொத்தம் பன்னிரண்டு முறை, அதற்குள் உள்ளே இருக்கும் இயந்திரத்தை உடைக்க வேண்டும். மூன்றாவது முறையிலேயே எலெக்ட்ரீசியன் போனான். ஐந்தாவதில் கேன்டீன். எதிரி எங்கள் தந்திரங்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். சூப்பர்வைசர்தான் எப்போதும் முதலில் வருவான் என்று அவனுக்குத் தெரியும், எல்லாத் துப்பாக்கிகளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணியின் கண் பளபளத்தது. "அவன அங்கியே ஓட விடு. எல்லாவனும் அவனையே பாப்பானுங்க. நாம இந்தப் பக்கமா போயிடலாம்." நான் மாட்டேன் என்றேன். எத்தனை மாதமாக அவனைச் சாகடிக்கப் பார்த்தேன், இப்போது மனசு வரவில்லை. "பாப்பா, வலைய அறு" என்றார் அண்ணி. அறுத்தேன். சூப்பர்வைசர் வெட்டவெளியில் தன்னந்தனியாக ஓடினான். அத்தனை பேரும் அவன் மேல் சுட்டார்கள். அவன் விழுந்தபோது நான் உண்மையாகவே கத்திவிட்டேன். அந்த இடைவெளியில் செக்யூரிட்டி கதவை உடைத்தான், ஸ்டோர்கீப்பர் உள்ளே நுழைந்து அடிபட்டுச் சாய்ந்தான். பன்னிரண்டாவது முறை. இயந்திரம் இன்னும் ஓர் அடி பட்டால் உடைந்துவிடும். செக்யூரிட்டியிடம் குண்டு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது தூரத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அம்மா. குறியை வைத்தோம். குண்டு படுவதற்கு வாய்ப்பு நாற்பத்தொரு சதவீதம் என்று காட்டியது.

"நீ அடி" என்றார் அண்ணி. "நீங்க அடிங்க" என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் திரும்ப என் பக்கம் தள்ளினார். அப்புறம் இருவருமே கையை மடியில் வைத்துக்கொண்டோம். பட்டால் ஜெயித்தோம், படாவிட்டால் தோற்றோம், எப்படியிருந்தாலும் அந்த ஒரு சொடுக்கோடு எல்லாம் முடிந்துவிடும். அடிக்கும்வரை மட்டும் ஒன்றும் முடியாது. எதிரிகள் துப்பாக்கியைத் தூக்கியபடி நின்றார்கள். அம்மா குறி பார்த்தபடி இருந்தாள். மின்விசிறி சுற்றியது. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மாடிப்படியில் காலடி கேட்டது. நிஜ அம்மா கதவருகே வந்து நின்று, "இன்னாடி ரெண்டு பேரும் டிவிய முறைச்சிக்கினு கெடக்கறீங்க? சோறு ஆறிப்போச்சு" என்றாள். கம்ப்யூட்டரை அவள் கடைசிவரை டிவி என்றுதான் சொன்னாள்.

அண்ணி என் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். "அடிச்சாலும் நான் போவத்தான் போறேன், அடிக்கலன்னாலும் போவத்தான் போறேன். அடிச்சுட்டே போறேனே, பாப்பா." நான் அழுத்தினேனா, அவர் அழுத்தினாரா, தெரியாது. துப்பாக்கி வெடித்தது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு இயந்திரம் நடுவில் பிளந்து, திரை முழுக்க வெள்ளையாகி, உலகம் பிழைத்துவிட்டது. "அம்மா! அம்மா! அம்மா!" என்று நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவுகூடத் திறந்தது. நிஜ அம்மாவை இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எதற்கென்றே தெரியாமல் அம்மாவும் சிரித்தாள். அந்த மருமகளை அவள் முதல்முதலாகக் கட்டிப்பிடித்ததும் அன்றுதான்.

இரண்டு வாரத்தில் அண்ணி போனார். நாலு வருடமாகிறது. சேவ் ஃபைலை மாற்றி மாற்றி அனுப்பிச் சேர்ந்து விளையாடலாம் என்று பேசிக்கொண்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே பிரிவு மாற்றம், போனில் பேசினாலும் பாதிப் பேச்சு அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றித்தான். நான் தனியாக அந்த மோடை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் தோற்றேன். இப்போது அதன் புது வடிவம் வந்திருக்கிறது, பழையதைவிடப் பயங்கரம் என்கிறார்கள். நாளை மதியம் அண்ணி வருகிறார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் மட்டும்தான். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. புது மோடைப் போட்டுவிட்டேன், அறையைக் கழுவிவிட்டேன், இரண்டாவது நாற்காலிக்கு ஆணி அடித்துவிட்டேன். அம்மா நாலு வகை மீனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று சாயங்காலம் அண்ணி அங்கே விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது போன் செய்தார். "எத்தன நாள் லீவு போட்டுக்கிற?" என்றார். "பதினஞ்சு நாள் அண்ணி. உங்களுக்குத் திரும்ப எப்ப ஃபிளைட்?" என்றேன். பெட்டியை உருட்டிக்கொண்டே சொன்னார்: "வர்றதுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கேன், பாப்பா. போறதுக்கு இன்னும் போடல." முடிக்காமல் ஃபிளைட் ஏற மாட்டேன் என்று அவர் அன்று சொன்னது ஞாபகம் வந்தது. போனை வைத்ததும், பதினைந்து நாளை ஒரு மாதமாக்க முடியுமா என்று மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.